சுண்ணாம்பு தின்ற ரேகை

போன மாதம் வேலூர் பாகாயம் ரேஷன் கடையில் அந்த மெஷின் என் கட்டைவிரலை ஏற்க மறுத்துவிட்டது. சேலையில் துடைத்துவிட்டு வைத்தேன். அழுத்தி வைத்தேன். வலதுகைக்குப் பதில் இடதுகையை வைத்தேன். சிவப்பு விளக்குதான் எரிந்தது. கடையிலிருந்த பெண், "ரேகையே வுழல ஆன்ட்டி. வயசானா அப்டித்தான். கண்ணக் காட்டுங்க, எடுத்துக்கும்" என்றாள். முப்பத்தொரு வருஷம் காவல்துறையில் விரல்ரேகை நிபுணராக இருந்து, இந்த ஜில்லாவின் நல்லவன் கெட்டவன் எல்லாருடைய ரேகையையும் லென்ஸ் வைத்துப் பார்த்தவள் நான். கடைசியில் எனக்கே ரேகை இல்லையாம். வரிசையில் நின்றவர்களுக்கு நான் பார்த்த உத்தியோகம் தெரியாததால் மானம் தப்பியது.

இதை எங்கள் பழைய அலுவலகத்துப் பெண் ஒருத்தியிடம் ஃபோனில் சொன்னேன். நிபுணர் தேர்வை இந்த வருஷம்தான் எழுதித் தேறியவள். மூச்சுமுட்டச் சிரித்தாள். பிறகு, "சர்ட்டிபிகேட் வாங்குன புதுசுல உங்களுக்கு எப்படி மேடம் இருந்துச்சு?" என்று கேட்டாள். கர்வமாக இருந்தது என்றேன். அந்தக் கர்வம் எத்தனை நாள் நீடித்தது என்று அவள் கேட்கவில்லை. பதினொரு நாள். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆசைப்பட்டு நான் இந்த வேலைக்கு வரவில்லை. அம்மா நர்ஸ். என்னையும் நர்ஸாக்கப் பார்த்தாள். எனக்கோ ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வீட்டில் இருந்தபோது எழுதிப்போட்ட பரீட்சைகளில் ஒன்று பலித்தது. ரத்தத்துக்குப் பயந்தவள் கொலை நடந்த இடங்களுக்குப் போகிற வேலையில் சேர்ந்தாள் என்று அப்பா சர்ச்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மை உருட்டினோம், விரல் உருட்டினோம், ரேகை எண்ணினோம். ரேகையில் வில் உண்டு, வளையம் உண்டு, சுழி உண்டு. ஆனால் அது வெறும் குடும்பப்பெயர் மாதிரிதான். ஆளைச் சொல்வது, ஒரு கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது, எங்கே குட்டித்தீவு மாதிரி தனியாக நிற்கிறது என்பதுதான். இரண்டு கையிலும் ஊசி வைத்துக்கொண்டு, கோடு கோடாக நகர்ந்து அதைப் பார்க்க வேண்டும். கண் சிவந்து, கழுத்து பிடித்துக்கொண்டு, மூன்று வருஷம் ஓடியது. பிறகு இரண்டு நாள் ரயிலில் வடக்கே போய் அகில இந்தியத் தேர்வை எழுதினேன். எழுத்து, செய்முறை, கடைசியில் மூன்று அதிகாரிகள் முன்னால் வாய்மொழித் தேர்வு. அவர்களில் ஒருவர் கேட்டார்: இரண்டு ரேகைகளில் பத்து இடம் ஒத்துப்போகிறது, பதினொன்றாவது இடத்தில் விளக்கமே சொல்ல முடியாத ஒரு வேற்றுமை இருக்கிறது, நீ என்ன சொல்வாய்? இரண்டும் ஒரே விரல் இல்லை என்று சொல்வேன் என்றேன். மூன்று பேரும் தலையாட்டினார்கள். தேறிவிட்டேன். இனி கோர்ட்டில் ஏறி நின்றால் நான் நிபுணர்.

எங்கள் டி.எஸ்.பி. ஞானசிகாமணி ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆள் நெட்டை. சர்ச் பாடற்குழுவில் அடிக்குரலில் பாடுகிறவர். அந்தக் குரலை அலுவலகத்தில் நாங்கள் கேட்டது கம்மி. ஒப்பிடுவதற்கு ரேகைச்சீட்டு வந்தால், பெயர் இருக்கும் பகுதியை முதலில் ஒரு தாளை மடித்து மூடிவிடுவார். யாருடையது என்று தெரிந்தால் கண் பொய் பார்க்கும் என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். சம்பவ இடத்துக்குப் போகும்போது ஜீப்பை விட்டு இறங்குமுன் சட்டைப்பையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் அடக்கிக்கொள்வார். திரும்ப ஜீப்பில் ஏறுகிறவரை அது வாயில் இருக்கும். இன்ஸ்பெக்டர்கள் சுற்றிச் சுற்றி வந்து, யாரு சார், எத்தினி பேரு சார் என்று கேட்பார்கள். அவர் கன்னத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். பாவம், சொத்தைப் பல் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சர்ட்டிபிகேட்டுக்காக நான் காத்திருந்த நாட்களில் ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் வாட்ச்மேனை யாரோ மண்டையில் அடித்துப் போட்டிருந்தார்கள். தோல் ஷாப் என்றால் எங்கள் பக்கத்தில் கடை இல்லை, தோல் பதனிடும் டேனரி. காலையில் வேலைக்கு வந்தவர்கள் பார்த்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். ஃபினிஷ் ஆன தோல் கட்டுகள் சில காணோம். குடோனின் பின்பக்க ஜன்னலில் கண்ணாடிப் பட்டைகளைக் கழற்றி, உடையாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தான் வந்தவன். டி.எஸ்.பி. கிராம்போடு சேர்த்து மூச்சையும் அடக்கிக்கொண்டு, பிரஷ்ஷைப் பொடியில் தொட்டு, கண்ணாடியின் மேல் விட்டார். பிரஷ் நுனி மட்டும் படவேண்டும். அழுத்தினால் ரேகை போய்விடும். மூன்று பட்டையில் ஒன்றுமில்லை. நான்காவதில், வெறும் கண்ணாடியாக இருந்த இடத்தில், ஒரு சுழி எழும்பி வந்தது. எத்தனையோ முறை பார்த்தாயிற்று. ஆனாலும் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு மனிதன் எழுந்து வருகிற அந்த நொடியில் எனக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கும். அளவுகோல் வைத்துப் படம் எடுத்தோம், டேப்பில் ஒற்றி எடுத்தோம். எங்கள் பதிவுகளில் அந்த ரேகைக்குரிய ஆள் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. டி.எஸ்.பி. திருப்பத்தூர் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போயிருந்தார். சர்ட்டிபிகேட் கைக்கு வந்து பதினொரு நாள் ஆகியிருந்த நான், தனியாக ஜீப்பில் ஏறிப் போனேன். அப்படிப் போவதே அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் பெயர் ஏழுமலை. நாற்பதை நெருங்கும் வயது. அதே தோல் ஷாப்பில் பல வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவர். மஞ்சள் காமாலை வந்து இரண்டு மாதம் வீட்டில் படுத்திருந்துவிட்டு, சம்பவத்துக்கு முந்தின நாள் மறுபடியும் வேலை கேட்டுப் போயிருக்கிறார். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. வாய்ச்சண்டை முற்றி, "உன்ன இன்னா பண்றேன் பாரு" என்று ஏழுமலை கத்தியதை நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். அடுத்த வாரமே அவர் மேல்விஷாரத்தில் வேறொரு டேனரியில் அதே சுண்ணாம்பு வேலையில் சேர்ந்துவிட்டார். இன்ஸ்பெக்டருக்கு அது தப்பி ஓடியதாகப் பட்டது.

விரல்களுக்கு மை தடவி உருட்டினேன். சீட்டில் விழுந்தது கறுப்புப் பொட்டுகள்தான். கோடே இல்லை. ஆட்டுத்தோலின் மயிரை உதிர்க்கிற சுண்ணாம்பு, அதைப் புரட்டுகிறவனின் விரலை மட்டும் விட்டுவைக்குமா? வலதுகை நடுவிரலில் மட்டும், கத்தி கிழித்த காயத்துக்குத் துணி சுற்றியிருந்ததால், நடுவில் கொஞ்சம் கோடு தப்பியிருந்தது. அரைகுறையாக, வளைந்து வளைந்து தெரிந்தது. வெளியே இறந்துபோன வாட்ச்மேனின் மனைவி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"இன்னா மேடம், ஆளு இவன்தானா?"

"சுழி மாதிரிதான் தெரியுது சார். அங்க கெடச்சதும் சுழிதான்."

இவ்வளவுதான் சொன்னேன். சுழி இல்லாத ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். கேள்வி கேட்ட உடனே பதில் சொல்கிறவள்தான் நிபுணர் என்று ஒரு மிதப்பு. சாயங்காலத்துக்குள் ஏழுமலையை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, கொலை வழக்கில் ரிமாண்ட் செய்து, வேலூர் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். சண்டை போட்டதற்குச் சாட்சி இருந்தது உண்மை. ஆனால் அதுவரை தயங்கிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரின் தயக்கத்தைப் போக்கியது என் வாய்.

மறுநாள் டி.எஸ்.பி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். திட்டவில்லை.

"எழுதிக் குடுத்தியா, வாயால சொன்னியாம்மா?"

"வாயாலதான் சார்."

"எழுதியிருந்தா கிழிச்சிப் போட்ருக்கலாம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கிராம்பு எதற்கென்று புரிந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தேன். அந்த மனிதன் செய்தானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. தெரியாமலே அவன் இருக்கிற பக்கம் கையைக் காட்டிவிட்டேன் என்பது மட்டும் தெரிந்தது.

டி.எஸ்.பி. இன்ஸ்பெக்டரிடம், எங்கள் தரப்பில் இதுவரை எந்தக் கருத்தும் தரப்படவில்லை என்று எழுத்தில் தெரிவித்தார். பிறகு என்னை உட்காரவைத்து யோசித்தார். கண்ணாடியில் தெளிவான ரேகை இருக்கிறது. சம்பவத்தின்போது ஏழுமலை இரண்டு மாதமாகச் சுண்ணாம்பைத் தொடாதவர், அப்போது அவருக்கு ரேகை இருந்திருக்கும். இப்போது அந்த அரைகுறை நடுவிரலைத் தவிர எதுவும் இல்லை. ஆகவே ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரே வழி, காத்திருப்பது. மேல்தோல்தான் தேய்ந்திருக்கிறது, அச்சு அடித்தோலில் இருக்கிறது. கர்ப்பத்தில் விழுந்த அச்சு. சுண்ணாம்பை விட்டு விலகினால் மேலே வரும். மாஜிஸ்திரேட்டிடம் அனுமதி கேட்டு மனு எழுதினார். வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை, சிறைக்குப் போய்ப் பத்து விரலையும் உருட்டி வர வேண்டும். யார் போவது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

முதல் திங்கட்கிழமை, அந்த நடுவிரலைத் தவிர, சீட்டு முழுக்கக் கறுப்புப் பொட்டு. ஏழுமலை அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, எனுக்கு விரலே இல்லாத மாதிரி கீது" என்றார். எதற்காக வருகிறேன் என்று அவருக்கு விளக்கினேன். கையில் சலவைச் சோடா, சுண்ணாம்பு எதுவும் படாமல் பார்த்துக்கொள்ளும்படியும், தேங்காயெண்ணெய் தடவும்படியும் சொன்னேன். ரேகை வந்தால் அது அவரைக் காப்பாற்றலாம், மாட்டியும் விடலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரிம்மா என்று மட்டும் சொன்னார். செய்தவனாக இருந்தால் கையைச் சுவரில் தேய்த்தே ரேகையை வரவிடாமல் செய்திருக்கலாம். ஏழுமலையோ சாப்பிட்ட தட்டைக் கழுவும்போது கூடக் கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொள்கிறார் என்று வார்டர் சொன்னார். உள்ளே எல்லாரும் கிண்டல் பண்ணுகிறார்களாம், கல்யாணப் பெண் மருதாணிக் கையைக் காப்பாற்றுகிற மாதிரி இருக்கிறது என்று.

இரண்டாவது வாரம் புகை மாதிரி ஏதோ தெரிந்தது. மூன்றாவது வாரம் விரல்களை உருட்டி எடுத்துவிட்டு லென்ஸை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கீரை விதைத்த பாத்தியில் ஒரு நாள் காலையில் பார்த்தால் வரிசை வரிசையாகப் பச்சை தெரியுமே, அப்படி வந்திருந்தது. விட்டுவிட்டு, புள்ளி புள்ளியாக, ஆனால் வரிசை தவறாமல். சுண்ணாம்பு வருஷக்கணக்கில் அரித்த விரல். யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை, எந்தக் கோடு எங்கே போக வேண்டும் என்று. அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனால் அந்த ஜெயில் அறையில், மை நாற்றத்தில், கடவுள் ஒருவர் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றியதுபோல அதற்கு முன்னால் தோன்றியதில்லை.

டி.எஸ்.பி.க்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. திரும்ப வந்தது பழைய ரேகைதான் என்று கோர்ட்டில் எப்படி நிரூபிப்பது? புத்தகத்தில் இருக்கிறது என்றால் வக்கீல் புத்தகத்தையா கூண்டில் ஏற்றுவார் என்று கேட்டார். ஏழுமலையிடம் விசாரித்தபோது, அவருடைய இருபதாவது வயதில் அப்பாவோடு சேர்ந்து நிலத்தை விற்றதாகவும், அந்த நிலம் போனபிறகுதான் தோல் ஷாப்புக்கு வந்ததாகவும் சொன்னார். நிலம் விற்றவர் என்றால் பத்திர ஆபீஸில் இடது கட்டைவிரல் வைத்திருப்பார். டி.எஸ்.பி. முறைப்படி எழுதிக்கேட்டு, அங்கே வைத்திருக்கும் ரேகைப் புத்தகத்திலிருந்து படம் எடுத்து வந்தார். சுண்ணாம்பு தொடாத இருபது வயசு விரல் அது.

ஐந்தாவது திங்கட்கிழமை பத்து விரலும் முழுசாக விழுந்தது. திரும்பி வந்து, பெயரை மூடிவிட்டு, பழைய கட்டைவிரலையும் புதிய கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊசியை எடுத்தேன். முதல் கோடு முடிகிற இடம் இரண்டிலும் ஒன்று. அதற்கு மேல் மூன்றாவது கோடு பிரிகிறது, இதிலும் பிரிகிறது. ஒரு துளியளவு தீவு. இதிலும் இருந்தது. பத்தொன்பது வருஷம் தேய்த்து, அரித்து, வழித்துப் போட்டும், ஒரு புள்ளி கூட இடம் மாறாமல் திரும்பி வந்திருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டி.எஸ்.பி. லென்ஸில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, பாடற்குழுவில் பாடுகிற அந்த அடிக்குரலில், ராகம் போலவும் இல்லாமல் பேச்சு போலவும் இல்லாமல், "அடேயப்பா" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே வியப்புச் சொல் அதுதான்.

அதன்பிறகுதான் கண்ணாடிப் பட்டையில் கிடைத்த ரேகையை எடுத்தோம். எந்த விரல் என்று தெரியாததால் பத்தோடும் ஒப்பிட வேண்டும். ஒன்பது விரல்கள் சட்டென்று விலகிவிட்டன. வலதுகை நடுவிரல் விலகவில்லை. அதுவும் சுழி. சுற்றும் அதே பக்கம். நடுவில் இரண்டு இடம் ஒத்தே போனது. ஊசியை அடுத்த கோட்டுக்கு நகர்த்தினேன். மூன்றாவது இடத்தில், கண்ணாடி ரேகையில் மையத்துக்குக் கீழே கோடு இரண்டாகப் பிரிந்தது. ஏழுமலையின் விரலில் அந்தக் கோடு பிரியாமல் நேராக ஓடியது. பொடி தீற்றியிருக்குமோ, மை கசிந்திருக்குமோ என்று ஐந்து வாரச் சீட்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது வாரத்திலேயே அந்தக் கோடு நேராகத்தான் முளைத்து வந்திருந்தது. அதற்குப் பிறகு பார்த்த ஒவ்வொரு இடமும் வேறாக இருந்தது. இரண்டு நாள் எடுத்துக்கொண்டு அறிக்கை எழுதினேன். டி.எஸ்.பி. என் அறிக்கையைப் படிக்காமல், தனியாகத் தானே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதன்பிறகு வந்து கையெழுத்துப் போட்டார்.

கண்ணாடியில் இருந்த ரேகை ஒரு லாரியில் சரக்கு ஏற்றுகிறவனுடையது என்பது அடுத்த வருஷம் அவன் வேறொரு வழக்கில் பிடிபட்டபோது தெரிந்தது. ஆனால் ஏழுமலை எங்கள் அறிக்கையின் பேரில் அதற்கு வெகு முன்பே வெளியே வந்துவிட்டார்.

வெளியே வந்த மறுவாரம் மனைவியோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கிற பெண், அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பெரிய ஐயாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தார்களாம். டி.எஸ்.பி. அவர்களை உட்காரச் சொன்னார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, என் பக்கம் கையைக் காட்டிவிட்டு, ஃபைல் ஒன்றைப் பிரித்து அதில் மூழ்கிவிட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அவர்களைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனேன். ஏழுமலையின் ஐந்தாவது வாரச் சீட்டை லென்ஸுக்கு அடியில் வைத்துக் காட்டினேன். "இது என்னுதா?" என்று நம்பாமல் கேட்டுவிட்டு, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். மறுபடி சுண்ணாம்பு வேலைக்குப் போனால் இது போய்விடுமா என்று அவள் கேட்டாள். போகும், விட்டால் திரும்ப வரும் என்றேன். அதற்குமேல் தள்ளிப்போட முடியவில்லை. அன்று ஸ்டேஷனில், சரியாகப் பார்க்காமல், சுழி மாதிரி இருக்கிறது என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னது நான்தான் என்று சொன்னேன். நான் சொல்லாமல் இருந்திருந்தால் இந்த ஐந்து வாரம் வந்திருக்காது என்றும் சொன்னேன். தலையை நிமிர்த்த முடியவில்லை.

"தெரியும்மா" என்றார் ஏழுமலை. "பெஞ்சிலதான குந்தினிருந்தேன். நீங்க சொன்னது காதுல வுழுந்துச்சி."

ஐந்து திங்கட்கிழமையும் என் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாக நான் பிடித்து உருட்ட விட்டவர் அவர். குறையாக ஒரு சொல் சொன்னதில்லை, முகம் சுளித்ததில்லை.

"அப்புறம் ஏன் ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டு இன்னா ஆவப் போவுது? நீங்க சொன்னதுக்கு நீங்கதான மாத்திச் சொல்லணும். வேற யாரு சொன்னாலும் ஊரு நம்பாது. அதுக்குத்தான் கையப் பத்தரமா வெச்சினிருந்தேன்."

கிளம்பும்போது என்ன நினைத்தாரோ, ஐந்து வாரப் பழக்கத்தில், விரல்களைத் தளர்த்தி வலதுகையை என் பக்கம் நீட்டினார். மை இல்லை, சீட்டு இல்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். முளைத்து வந்த ரேகை என் உள்ளங்கையில் சொரசொரவென்று பட்டது.